கடலில் மறைந்த கணிப்பொறி மேதை

நம் கடற்கரையில் முத்துக் குளிப்பு நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் குளிப்பவனைப் பற்றிப் பேசும் பெரியவர்கள், தோணியில் நின்று கயிறு பிடித்தவனையும் சேர்த்தே பேசுவார்கள். கீழிருந்து ஓர் இழுப்பு வந்தால் மேலே தூக்க வேண்டும். இழுப்பே வராவிட்டால்? குளித்தவன் இன்னும் சிப்பி பொறுக்குகிறானா, மூச்சடங்கிப் போனானா என்பது தோணியில் நிற்பவனுக்குத் தெரியாது. தொலைவில் உள்ள இரு கணிப்பொறிகளுக்கு இடையே செய்தி நின்றுபோனாலும் இதே ஐயந்தான் எழுகிறது. இந்த ஐயத்தோடு வாழ்நாளெல்லாம் மல்லாடிய ஓர் அறிஞரை நம் கல்லூரி நண்பர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். அவர் பெயர் ஜிம் கிரே.

1944-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ துறைமுக நகரில் அவர் பிறந்தார். தந்தை இராணுவத்தில் பணிபுரிந்ததால் குழந்தைப் பருவம் ரோம் நகரில் கழிந்தது. ஆங்கிலத்துக்கு முன்பே இத்தாலியம் பேசினாராம். பெற்றோர் பிரிந்தபின், ஆசிரியையான தாயோடு பிறந்த ஊருக்கே திரும்பினார். 1961-இல் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வேதியியலில் வாங்கிய மதிப்பெண்கள் மனத்தைத் தளரச் செய்ய, ஆறு மாதம் படிப்பையே விட்டுவிட்டு வேலைக்குப் போனார். வேலை அதைவிடக் கசந்தது. மீண்டும் வகுப்புக்கு வந்தார். (நிலுவைத் தாள் வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.) 1969-இல் பெர்க்லியின் கணிப்பொறித் துறை வழங்கிய முதல் டாக்டர் பட்டம் அவருக்கே கிடைத்தது.

1970-களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான்ஹோசே ஆய்வுக்கூடத்தில் ‘சிஸ்டம் ஆர்’ என்ற தரவுத்தள அமைப்பை உருவாக்கிய குழுவில் அவர் இருந்தார். ஒரே நேரத்தில் பலர் ஒரே கணக்கைத் திருத்த வந்தால் என்ன செய்வது? பாதி வேலையில் மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது? இவ்விரு கேள்விகளும் அவரிடம் வந்து சேர்ந்தன.

முதற்கேள்விக்கு விடை பூட்டு. ஒருவர் திருத்தும் பதிவை, அவர் முடிக்கும்வரை மற்றவர் தொடாதபடி பூட்டி வைப்பது. எதை, எவ்வளவு நேரம் பூட்டினால் கணக்குப் பிசகாது என்பதை நிறுவிய 1976-ஆம் ஆண்டுக் கட்டுரையில் கிரேயின் பெயரோடு கே. பி. ஈஸ்வரன் என்ற நமக்குப் பழகிய ஒலியுள்ள பெயரும் இருப்பதைப் பார்த்து மகிழ்ந்தேன்.

இரண்டாம் கேள்விக்கான விடை நம் ஊர் உப்பு மண்டிக்காரர்களுக்குப் புதிதன்று. வியாபாரி நேராகப் பேரேட்டில் கை வைப்பதில்லை. முதலில் சிட்டாவில் எழுதுகிறார். பிறகே பேரேட்டுக்கு ஏற்றுகிறார். கணிப்பொறியும் அவ்வாறே தான் செய்யப் போவதை முதலில் அழியாத ஒரு சிட்டாவில் எழுதிவிட வேண்டும். இடையில் இயந்திரம் நின்று மறுபடி உயிர்பெறும்போது அந்தச் சிட்டாவைப் படிக்கிறது. முடிந்தது என்று குறித்த கொடுக்கல் வாங்கலைப் பேரேட்டில் நிறைவு செய்கிறது. முடியாததை அடித்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. முழுவதும் நடக்க வேண்டும், அல்லது எதுவுமே நடந்திருக்கக் கூடாது.

ஒரே இயந்திரம் என்றால் இது போதும். ஆனால் மும்பையில் இருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் முத்துநகர் விரைவு ரயிலில் இடம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருக்கைக் கணக்கு சென்னையில். சீட்டுக் கொடுப்பது மும்பையில். தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து முன்பதிவு மையங்களையும் இந்திய ரயில்வே 1999-இல் ஒன்றாக இணைத்தபோது எதிர்கொண்ட சிக்கல் இவ்வகையைச் சேர்ந்ததே. இரண்டு சிட்டாக்கள், இடையே ஒரு கம்பி. ஓரிடத்தில் எழுதி மற்றோரிடத்தில் எழுதாமல் போனால் இருக்கையும் போயிற்று, சீட்டும் இல்லை.

இதற்கு ‘இரு கட்ட உறுதி’ என்ற முறை ஏற்பட்டது. அதைக் கண்டவர் கிரே ஒருவரே என்று சொல்வதற்கில்லை. பட்லர் லாம்ப்சன் முதலியோரும் அவ்வழியில் சிந்தித்தனர். ஆனால் 1978-இல் வெளியான தம் குறிப்புகளில் கிரே அதை விளக்கியதே பலருக்குப் பாடமாயிற்று. அதற்குத் திருமணத்தையே அவர் உவமை காட்டினார். பனிமய மாதா கோயிலில் திருமணம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குருவானவர் மணமகனைக் கேட்கிறார், மணமகளைக் கேட்கிறார். இருவரும் சம்மதம் என்ற பிறகே மணம் முடிந்ததாக அறிவிக்கிறார். ஒருவர் மறுத்தாலும் மணமில்லை.

இதில் ஒரு முள் உண்டு. சம்மதம் என்று சொல்லியாயிற்று. அறிவிப்பு வருமுன் கேட்டவரிடமிருந்து செய்தி நின்றுவிட்டது. சம்மதித்த கணிப்பொறி என்ன செய்யும்? முன்னே போனால் மறுபக்கம் கைவிட்டிருக்கலாம். பின்வாங்கினால் மறுபக்கம் முடித்திருக்கலாம். எனவே பூட்டிய பதிவைப் பூட்டியபடியே வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். ஐயத்தில் நிற்கும் கணக்கு என்று இதைச் சொல்வார்கள். நம் பாடத்தில் இந்தப் பகுதியைப் போல் மனத்தை உறுத்துவது வேறில்லை என்பது என் எண்ணம்.

1980-இல் டாண்டம் நிறுவனத்துக்குச் சென்ற கிரே, கணிப்பொறிகள் ஏன் நின்றுபோகின்றன என்று 1985-இல் ஆராய்ந்து எழுதினார். வன்பொருளைவிட, அதை நிர்வகிக்கும் மனிதரும் மென்பொருளுமே பெருங்காரணம் என்பது அதில் தெரிந்தது. அவர் விட்டுச்சென்ற ஐ.பி.எம்.மில், தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்த சி. மோகன், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, ‘ஏரீஸ்’ என்ற மீட்பு முறையை 1992-இல் விரிவாக வெளியிட்டார். சிட்டா முறை அதில் முழு வளர்ச்சி பெற்றது எனலாம். 1995-இல் மைக்ரோசாப்டில் சேர்ந்த கிரேக்கு 1998-ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. பின்னர் வானியலாருடன் கூடி, விண்மீன் படங்களை எவரும் தேடிப் பார்க்கும்படி வகைசெய்தார்.

2007-ஆம் ஆண்டு ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. மறைந்த தாயின் அஸ்தியைக் கடலில் கரைக்க, ‘டெனேஷியஸ்’ என்னும் தம் பாய்மரப் படகில் ஃபாரலான் தீவுகளை நோக்கித் தனியே புறப்பட்டார். கடல் அமைதியாகவே இருந்தது. அபாய அறிவிப்பு எதுவும் வரவில்லை. படகு திரும்பவில்லை.

கடலோரக் காவற்படை நான்கு நாட்கள் தேடி நிறுத்திக்கொண்டது. நண்பர்கள் நிறுத்தவில்லை. செயற்கைக்கோள் எடுத்த கடற்படங்களைச் சிறு துண்டுகளாக்கி ஆயிரக்கணக்கானவர்களுக்கு இணையம் வழியே பகிர்ந்தனர்; அவரவர் வீட்டிலிருந்தபடியே ஒவ்வொரு துண்டிலும் ஒரு வெள்ளைப் புள்ளியைத் தேடினர். அவரோடு விண்மீன்களை ஆராய்ந்த வானியலாரும் இதில் துணை நின்றனர். பின்னர் கடலடியையும் ஒலிக்கருவியால் துழாவினர். ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

ஒக்கிப் புயல் 2017-இல் கொண்டுபோனவர்களின் வீடுகளைக் குமரிக் கரையில் கண்டவர்களுக்கு இதற்குமேல் நான் விவரிக்க வேண்டியதில்லை. காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ள நம் சட்டம் பொதுவாக ஏழு ஆண்டுகள் கேட்கிறது. கலிபோர்னியச் சட்டம் ஐந்து ஆண்டுகள் கேட்கிறது. 2008 மே 31-ஆம் நாள் பெர்க்லியில் நண்பர்களும் மாணவர்களும் கூடி அவரைப் போற்றினர். அதனை இரங்கற் கூட்டம் என்று அழைக்க அவர்கள் உடன்படவில்லை. பாராட்டுக் கூட்டம் என்றே பெயரிட்டனர். முடிவறியாத இழப்பைப் பற்றி ஆராய்ந்த பாலின் பாஸ் என்ற அம்மையார் அங்கு உரையாற்றினார். பிற்பகலில் கணிப்பொறிக் கட்டுரைகள் படிக்கப்பட்டன. கிரே இறந்துவிட்டார் என்று நீதிமன்றம் அறிவித்தது 2012-இல்.