பிழை திருத்தப் பிறந்தவர்: கிறேஸ் ஹொப்பர் (1906 – 1992)



கைத்தொலைபேசியில் புதிய பதிப்பு வந்துள்ளது, நிறுவ வேண்டுமா என்று கேட்கும் அறிவித்தலை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். புதுப்பித்த பின்பும் தொலைபேசி முன்னர் இருந்ததைப் போலவே இருக்கிறதே, அப்படியானால் எதைத்தான் மாற்றினார்கள் என்று எனது வெள்ளவத்தை வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. கண்ணுக்குத் தெரியாத மாற்றங்களே அங்கு பெரும்பாலும் நடைபெறுகின்றன. உள்ளே இருந்த பிழைகளைத் திருத்துகிறார்கள். நாம் பழகிய எதையும் குழப்பாமல் திருத்துகிறார்கள். இதற்குப் பராமரிப்பு வெளியீடு என்று பெயர்.

கணினிச் செய்நிரல் மொழிகளுக்கும் இவ்வாறான வெளியீடுகள் உண்டு. பைதன் மொழியின் பதிப்பு 3.12.4 என்று எழுதப்பட்டிருந்தால், கடைசி இலக்கமாகிய 4 பிழை திருத்தத்தைக் குறிக்கும். நடு இலக்கம் மாறினால் புதிய வசதிகள் சேர்ந்துள்ளன என்று பொருள். முதல் இலக்கம் மாறினால் அது பெருமாற்றம்.

ஒரு மொழியை உருவாக்குவது எவ்வளவு பெரிய பணியோ, உருவாக்கிய மொழியைக் கெடாமல் பேணுவதும் அவ்வளவு பெரிய பணியே. இவ்விரண்டையும் செய்தவர் கிறேஸ் ஹொப்பர் அம்மையார். அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் படிப்போம்.

இளமைக் காலம்

கிறேஸ் 1906 டிசம்பர் 9 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில் வீட்டிலிருந்த எலாம் மணிக்கூடு ஒன்றை, அது எவ்வாறு இயங்குகிறது என்று பார்ப்பதற்காகக் கழற்றினார். மீண்டும் பூட்டத் தெரியவில்லை. இன்னொன்றைப் பார்த்துப் பூட்டலாம் என்று அதையும் கழற்றினார். இப்படியே ஏழு மணிக்கூடுகள் கழன்ற பின்னர்தான் தாயார் கண்டுபிடித்தார். ஒரு மணிக்கூட்டை மட்டும் கழற்ற அனுமதி கிடைத்தது.

வஸார் கல்லூரியில் கணிதமும் பௌதிகவியலும் கற்று 1928 இல் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1934 இல் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பெண்கள் இத்துறையில் குறைவாக இருந்த காலம் அது என்பதை மறவாதீர்கள். தாம் கற்ற வஸார் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்தார்.

கடற்படையும் கணினியும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் கடற்படையிற் சேர விரும்பினார். வயது கூடிவிட்டது, உடல் நிறை போதாது என்று தடைகள் எழுந்தன. விலக்களிப்புப் பெற்று 1943 டிசம்பரில் கடற்படைச் சேமப் பிரிவில் இணைந்தார். அடுத்த ஆண்டு பயிற்சியில் முதலிடம் பெற்றார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலிருந்த மார்க் 1 என்னும் கணினியில் பணியாற்ற அனுப்பப்பட்டார்.

அக்கணினி 15 மீற்றருக்கும் அதிகமான நீளமுடையது. ஒரு செக்கனில் மூன்று கூட்டல்களைச் செய்யும். அதற்கான கட்டளைகள் காகித நாடாவில் துளைகளாக இடப்பட்டன. ஒரு துளை இடம் மாறினாலும் விடை பிழைத்துவிடும். போர்க்காலக் கணிப்பில் விடை பிழைத்தால் அதன் விளைவு என்னவென்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இங்கு மாணவர்கள் தவறு விடும் இடம் ஒன்று உண்டு. 1947 செப்டெம்பரில் மார்க் 2 கணினியின் உட்பகுதியில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கி, கணினி சரியாக இயங்காமற் போனது. அந்தப் பூச்சியைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அதனாலேயே கணினிப் பிழைக்குப் பூச்சி என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை ஹொப்பர் சூட்டினார் என்று பலர் எழுதுகின்றனர். அது சரியன்று. இயந்திரக் கோளாற்றைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் எடிசன் காலத்திலேயே இருந்தது. ஹொப்பர் இக்கதையைப் பலருக்கும் சொல்லிப் பரப்பினார் என்பதே உண்மை.

தொகுப்பியும் கோபோலும்

அக்காலத்தில் ஏற்கனவே எழுதிய கட்டளைத் துண்டுகளைக் குறிப்பேடுகளிலிருந்து பார்த்து எழுதிப் புதிய செய்நிரல்களை ஆக்கினார்கள். பார்த்து எழுதும்போது பிழைகள் நேர்ந்தன. இந்த வேலையைக் கணினியே செய்தால் என்ன என்று ஹொப்பர் சிந்தித்தார். அதன் பயனாக 1952 இல் ஏ-0 என்னும் தொகுப்பி உருவாயிற்று. நாம் எழுதுவதைக் கணினி விளங்கும் பொறிமொழிக்கு மாற்றும் செய்நிரலே தொகுப்பி எனப்படும். ஏ-0 இன்றைய தொகுப்பிகளைப் போன்று முழுமையானதன்று. ஆயினும் வழியைத் திறந்தது. கணினியால் கணக்குத்தான் செய்ய முடியும், செய்நிரல் எழுத முடியாது என்று அன்று பலர் அதை நம்பவில்லை.

அடுத்து அவர், சாதாரண அலுவலகத்தார் விளங்கக்கூடிய ஆங்கிலச் சொற்களால் செய்நிரல் எழுதும் ஃபுளோ-மற்றிக் என்னும் மொழியை உருவாக்க வழிநடத்தினார். 1959 இல் அரசாங்கத்தினரும் கணினி நிறுவனத்தினரும் கூடி, எல்லாக் கணினிகளிலும் இயங்கத்தக்க ஒரு வணிக மொழியை ஆக்கத் தீர்மானித்தனர். அதுவே கோபோல். அதை ஹொப்பர் தனியே ஆக்கவில்லை. ஒரு குழு ஆக்கியது. அவர் அதற்கு ஆலோசகராக இருந்தார். அவருடைய ஃபுளோ-மற்றிக்கே அதற்கு முக்கிய அடிப்படையாயிற்று. 1960 டிசம்பரில் ஒரே கோபோல் செய்நிரல் இரு வேறு நிறுவனங்களின் கணினிகளில் இயக்கிக் காட்டப்பட்டது.

ஓய்வும் மீள் அழைப்பும்

1966 இன் இறுதியில், அறுபது வயதில், கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவருக்கு அது துயரமான நாள். ஆனால் 1967 ஓகஸ்டில் ஆறு மாத காலத்துக்கு என்று சொல்லி மீண்டும் அழைத்தார்கள். அந்த ஆறு மாதம் பத்தொன்பது ஆண்டுகளாக நீண்டது.

எதற்காக அழைத்தார்கள்? கோபோலைப் பேணுவதற்காக. ஒவ்வொரு நிறுவனமும் தனது தொகுப்பியைத் தனது விருப்பப்படி செய்திருந்தது. பெயர் ஒன்று, போக்கு வேறு. ஒரு கணினியில் இயங்கிய செய்நிரல் மற்றொன்றில் இயங்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு முழமும் வெள்ளவத்தையில் வேறொரு முழமும் இருந்தால் துணி வாங்குபவர் நிலை என்னவாகும்? கடற்படையின் நிலையும் அவ்வாறே இருந்தது.

ஹொப்பரின் குழுவினர் சோதனைச் செய்நிரல்களை எழுதினர். அவற்றின் சரியான விடை முன்கூட்டியே தெரியும். ஒரு தொகுப்பி அந்த விடையைத் தராவிட்டால் பிழை தொகுப்பியிலேயே உள்ளது. நாம் மாதிரி வினாத்தாளைப் புள்ளித்திட்டத்துடன் ஒப்பிட்டுத் திருத்துவது போன்றது இது. இம்முறை பின்னர் அமெரிக்க அரசாங்கம் முழுவதிலும் தொகுப்பிகளைப் பரிசோதிப்பதற்கு வழிவகுத்தது.

திருத்தும்போது கவனிக்க வேண்டியது

கோபோலின் நியம வடிவம் 1968 இல் வெளிவந்தது. 1974 இலும் 1985 இலும் அது திருத்தப்பட்டது. இவை சிறு பிழை திருத்தங்களிலும் பெரியவை. எனினும், மொழியை மாற்றுவோர் எதிர்நோக்கும் சிக்கலை இவற்றிலே தெளிவாகக் காணலாம்.

முன்னைய கோபோலில், ஒரு நிபந்தனைக் கூற்று முற்றுப்புள்ளியோடுதான் முடியும். புள்ளி தவறிய இடத்தில் விழுந்தால் செய்நிரலின் பொருளே மாறிவிடும். தொகுப்பியும் அதைப் பிழையென்று சொல்லாது. 1985 ஆம் ஆண்டுத் திருத்தம், கூற்றின் முடிவைக் காட்டும் தனிச் சொற்களைச் சேர்த்து இக்குறையை நீக்கியது.

ஆனால் புதிய சொல்லைச் சேர்ப்பதிலும் ஆபத்து உண்டு. மதிப்பிடு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் 1985 இல் மொழிக்கே உரிய ஒதுக்கிய சொல்லாயிற்று. பழைய செய்நிரலில் ஒருவர் அதே சொல்லைத் தரவொன்றின் பெயராக வைத்திருந்தால், நேற்றுவரை இயங்கிய அச்செய்நிரல் புதிய தொகுப்பியில் இயங்காது. இத்தகைய காரணங்களால் பெரும் நிறுவனங்கள் ஆட்சேபித்தன, வெளியீடு தாமதமாயிற்று.

நீக்குவதற்கும் ஒரு முறை உண்டு. செய்நிரல் செல்லும் வழியை இடையிலே மாற்றிவிடும் ஒரு கட்டளை பெருங் குழப்பம் தந்தது. அதை உடனே வெட்டிவிடவில்லை. 1985 இல் வழக்கொழிந்தது என்று அறிவித்தார்கள். 2002 இலேயே நீக்கினார்கள். பாவனையாளருக்கு இடையில் பதினேழு ஆண்டுகள் கிடைத்தன.

எமது தமிழிலும் இதற்கொப்பான ஒன்றைக் காணலாம். உங்கள் பாட்டனாரின் பழைய புத்தகங்களில் லை, னை போன்ற எழுத்துகள் யானைத் துதிக்கை போன்ற வளைவுடன் அச்சிடப்பட்டிருக்கும். 1978 இல் தமிழ்நாட்டரசு இவ்வடிவங்களைச் சீர்செய்தது. அவை இங்கும் வழக்கில் வந்தன. ஒலி மாறவில்லை, சொல் மாறவில்லை. பழைய புத்தகங்களை நாம் இன்றும் வாசிக்கிறோம். நல்ல திருத்தத்தின் இலக்கணம் இதுவே.

இறுதிக் காலம்

1986 ஓகஸ்டில், 79 ஆவது வயதில், றியர் அட்மிரல் தரத்தில் அவர் ஓய்வு பெற்றார். அதன் பின்னரும் ஒரு கணினி நிறுவனத்தில் ஆலோசகராக இருந்தார். வழக்கம் என்பதற்காக எதையும் ஏற்கக்கூடாது என்பதைக் காட்ட, எதிர்ப்புறமாகச் சுற்றும் மணிக்கூடு ஒன்றைத் தம் அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார். கூட்டங்களிலே ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளமான கம்பித் துண்டுகளைப் பகிர்ந்தளிப்பார். ஒரு செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லக்கூடிய தூரம் அது.

1992 ஜனவரி 1 ஆம் திகதி அவர் காலமானார். எட்டு ஆண்டுகளின் பின், 2000 ஆம் ஆண்டு பிறந்தபோது, அவர் பேணிய பணியின் அருமையை உலகம் உணர்ந்தது. நினைவகத்தைச் சிக்கனப்படுத்த ஆண்டை இரண்டு இலக்கங்களில் எழுதியிருந்த பழைய செய்நிரல்கள், 00 என்பதை 1900 என்று கொள்ளக்கூடிய நிலை ஏற்பட்டது. அவற்றுட் பல கோபோலில் எழுதப்பட்டவை. உலகெங்கும் செய்நிரலாளர்கள் ஆயிரக்கணக்கான செய்நிரல்களை வரிவரியாகப் படித்துத் திருத்தினர். அவர்களைப் பலருக்குத் தெரியாது. அவர்கள் சரியாகச் செய்ததனால் பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

மாணவர்களே, பரீட்சையில் விடை எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிடாதீர்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் முதல் வினாவிலிருந்து திரும்பப் படியுங்கள். பிழையைத் திருத்துங்கள், சரியாக எழுதியதைக் கெடுத்துவிடாதீர்கள். ஹொப்பர் அம்மையார் பத்தொன்பது ஆண்டுகள் செய்த வேலை அதுதான்.

பயிற்சி வினாக்கள்

1. பராமரிப்பு வெளியீடு என்றால் என்ன? உமது சொற்களில் விளக்குக.
2. தொகுப்பி ஒன்றின் பணி யாது? ஹொப்பர் அதை உருவாக்கக் காரணம் என்ன?
3. 1967 இல் கடற்படை அவரை மீண்டும் அழைத்தது ஏன்?
4. மொழியொன்றில் புதிய ஒதுக்கிய சொல்லைச் சேர்ப்பதனால் ஏற்படக்கூடிய பாதிப்பு ஒன்றை உதாரணத்துடன் எழுதுக.