சட்டம் கற்பித்த பேராசான்

நம் காளப்பநாயக்கன்பட்டி கொல்லிமலையின் அடிவாரத்து ஊர். இவ்வட்டாரத்து இளைஞர்கள் சட்டம் பயில நெடுந்தொலைவு சென்ற காலம் ஒன்றுண்டு. 2019 இல் நாமக்கல்லிலேயே அரசு சட்டக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அது இணைந்துள்ள பல்கலைக்கழகம் டாக்டர் அம்பேத்கர் பெயரைத் தாங்கியது. அரசியல் சட்டம் வரைந்த மேதையாக அவரை நாமனைவரும் அறிவோம். சட்டக் கல்லூரியின் முதல்வராக விளங்கியதை அறிந்தோர் சிலரே. அதனை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

அவர் 1891 ஏப்ரல் 14 அன்று மவ் நகரில் பிறந்தார். பள்ளியில் தனியே அமர்த்தப்பட்டார். நீர்க்குடத்தைத் தொடும் உரிமை அவருக்கில்லை; பிறர் உயரத்திலிருந்து ஊற்றினாலன்றித் தாகம் தணியாது. பரோடா மன்னரின் உதவியால் 1913 இல் நியூயார்க் சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி பெற்றார். 1918 இல் பம்பாய் சைடனாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். அங்கும், ஆசிரியர்க்கென வைத்திருந்த குடத்தில் அவர் நீர் அருந்துவதை உடன்பணியாற்றியோர் சிலர் எதிர்த்தனர். கல்வி உயர்ந்தும் இழிவு நீங்கவில்லை.

மீண்டும் இலண்டன் சென்ற அவர் 1922 இல் பாரிஸ்டர் ஆனார். 1923 முதல் பம்பாயில் வழக்காடினார். வருவாய் போதாமையால் தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில் வணிகச் சட்டமும் கற்பித்தார். 1927 இல் மகாத் நகரின் பொதுக்குளத்தில் நீரருந்தும் உரிமைக்காக மக்களைத் திரட்டினார். மறு ஆண்டில் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பகுதிநேரப் பேராசிரியராக அமர்ந்தார்.

1935 மே 27 இல் துணைவியார் ரமாபாய் மறைந்தார். அத்துயர் ஆறுமுன், ஜூன் 1 இல், 1855 இல் தோன்றிய அக்கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்றார். 1936 இல் கல்லூரி இதழில் சட்டக்கல்விச் சீர்திருத்தம் பற்றி எழுதினார். சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்தல் போதாது. துணைக்கலைகளும் தெளிந்த சிந்தனையும் வேண்டும் என்பதே அதன் சாரம். 1937 இல் பம்பாய்ச் சட்டமன்ற உறுப்பினரான அவர், 1938 இல் முதல்வர் பதவியைத் துறந்தார்.

1947 இல் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானார். அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு, பொதுக் கிணறுகளையும் குளங்களையும் பயன்படுத்தச் சாதி தடையாகாது என்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. நீர் மறுக்கப்பட்ட சிறுவன், எவர்க்கும் நீர் மறுக்கப்படாத நெறியை நாட்டுக்கு வகுத்தளித்தான் என்றே நாம் கொள்ளலாம். 1956 டிசம்பர் 6 இல் அப்பெருமகனார் மறைந்தார்.

சட்டம் பயிலச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு, நூலொடு இவ்வாழ்வையும் சொல்லி அனுப்புவோமாக.