இறவாக் கலங்களின் தாய்

பூதவுடம்பு அழியும், புகழுடம்பு நிலைக்கும் என்பது ஆன்றோர் கொள்கை. ஆனால், பூதவுடம்பின் ஒரு சிறு கூறே அழியாது நின்று உலகுக்குப் பயன் தந்த வரலாறும் உண்டு. அதுவே ஹென்றியேற்றா லக்ஸ் அம்மையாரின் வரலாறு.

ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலே, றோனோக் நகரில், 1920 ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி அவர் பிறந்தார். நான்கு வயதிலே தாயை இழந்து, குளோவர் என்னும் ஊரிற் பாட்டனாரிடம் வளர்ந்தார். அவர்கள் குடியிருந்த மரவீடு முன்னாளில் அடிமைகள் உறைந்த இல்லம். புகையிலைப் பயிரே சீவனோபாயம். 1941 இல் மணம் புரிந்தபின், போல்ரிமோர் நகருக்கு அண்மையிற் குடியேறி, ஐந்து மக்களுக்குத் தாயானார்.

1951 ஜனவரி இறுதியில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையை நாடியபோது, கருப்பைக் கழுத்திலே புற்றுநோய் கண்டிருந்தது. ரேடியச் சிகிச்சையின்போது கட்டியிலிருந்து சிறிதளவு இழையத்தை எடுத்தனர். அவரிடம் அனுமதி கேட்டாரில்லை. அக்கால வழக்கமும் அதுவே. ஒக்டோபர் 4 ஆந் திகதி, 31 வயதில் அவர் கண் மூடினார். பெயர் பொறித்த கல்லுமின்றிக் குளோவர் மண்ணில் அடங்கினார்.

ஆனால், ஜோர்ஜ் கை என்னும் ஆய்வாளரின் ஆய்வுகூடத்தில் அவருடைய கலங்கள் மடியவில்லை. ஏறத்தாழ ஒரு நாளில் இரட்டித்துப் பெருகின. 'ஹீலா' எனப் பெயர் பெற்று, போலியோத் தடுப்பு மருந்தின் சோதனை முதலாகப் பல ஆய்வுகளுக்கு உதவின.

அவை ஏன் மடியவில்லை? கலத்திலுள்ள பரம்பரையலகுகள் யாவும் எந்நேரமும் இயங்குவன அல்ல. வேண்டும்போது எழுப்பவும் வேண்டாதபோது அடக்கவும் ஒழுங்கு உண்டு. அம்மையாரின் கலங்களிற் புகுந்தது மனிதப் பப்பிலோமா வைரசின் 18 ஆவது வகை. அதன் ஈ6, ஈ7 என்னும் பரம்பரையலகுகளை அடக்குவது ஈ2. வைரசு கலத்தின் நிறமூர்த்தத்தோடு பிணைந்தபோது ஈ2 சிதைந்தது, கடிவாளம் அறுந்தது. அடங்காத ஈ6, பழுதுற்ற கலங்களை மாய்க்கும் பி53 என்னும் காவற் புரதத்தை அழித்தது. ஈ7, கலப்பிரிவை நிறுத்தும் மற்றொரு புரதத்தை முடக்கியது. மேலும், வைரசு பிணைந்த இடம் 8 ஆம் நிறமூர்த்தத்தில், வளர்ச்சியைத் தூண்டும் 'மிக்' என்னும் பரம்பரையலகுக்கு அண்மையிலாதலின், அதுவும் மிகைபட இயங்கியது. 2000 ஆம் ஆண்டின் ஆய்வொன்றில் ஈ2 மீண்டும் புகுத்தப்பட்டதும், அரை நூற்றாண்டு ஓயாத ஹீலாக் கலங்கள் பெருக்கத்தை நிறுத்தி முதுமையெய்தின. அம்மையாரைக் கொன்றதும் அவருடைய கலங்களுக்கு இறவாமை ஈந்ததும் ஒன்றேயென்பது இதனாற் பெறப்படும்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடும்பத்தார் இவற்றை அறிந்திலர். அவருடைய கல்லறைக்குக் கல் நாட்டப்பட்டது 2010 இல். உலக சுகாதார நிறுவனம் அவரைக் கௌரவித்தது 2021 இல்.

இலங்கையில் 2017 தொடக்கம் ஆறாந் தரத்து மாணவியருக்கு இவ்வைரசுக்கெதிரான தடுப்பூசி ஏற்றப்படுகிறது. அதற்கு வழிகாட்டிய அறிவில் அம்மையாரின் கலங்களுக்கும் பங்குண்டு. கேளாமற் பெற்ற கொடை அது. கொடுத்தவரின் பெயரை மாணவர்க்கு எடுத்துரைப்பதேனும் நம் கடனாகும்.