அடிவானத்தைத் தாண்டிய அலை... ராஸ் ஹல் பெயரில் ஏன் ஒரு ரேடியோ போட்டி?

ஜனவரி வந்தால் ஆஸ்திரேலியாவில் கிரிக்கெட், டென்னிஸோடு இன்னொரு போட்டியும் நடக்கும். அதற்கு ஸ்டேடியம் கிடையாது, கைதட்ட ஆளும் கிடையாது. வீட்டு மொட்டை மாடியிலோ மலை உச்சியிலோ ஆண்டெனாவைத் திருப்பி வைத்து, எவ்வளவு தூரத்தில் இருப்பவரோடு பேச முடியுது என்று பார்ப்பார்கள். அவ்ளோதான் போட்டி. ஆடுபவர்கள் ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோ இயக்குபவர்கள். போட்டியின் பெயர், ராஸ் ஹல் நினைவு விஎச்எஃப்-யுஎச்எஃப் போட்டி.

யார் இந்த ராஸ் ஹல்? 1938ல் இறந்துபோன ஒருவர் பெயரில் இன்னும் ஏன் போட்டி நடக்கிறது?

மெல்போர்னிலிருந்து அமெரிக்காவுக்கு

1902ல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர் ஹல். ரேடியோ புத்தம் புதிதாக இருந்த 1920களில் அங்குள்ள ஹாம்களில் முக்கியமான ஆள். சொந்தமாகக் கருவி கட்டுவார், அதைப் பற்றி மற்றவர்களுக்குப் புரியும்படி எழுதவும் செய்வார். இந்த இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம். 1920களின் பிற்பகுதியில் அமெரிக்கா போனவரை, அந்த நாட்டு ஹாம்களின் அமைப்பான அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக் விடாமல் பிடித்துக்கொண்டது.

லீக்குக்கு அப்போ ஒரு நெருக்கடி. 1927ல் வாஷிங்டனில் நடந்த சர்வதேச மாநாடு, ஹாம்களுக்கான அலைவரிசைகளைச் சுருக்கிவிட்டது. 1929 ஜனவரியிலிருந்து அது அமலாகும். நெரிசலான இடத்தில் எல்லோரும் பேச வேண்டுமென்றால் கருவிகள் துல்லியமாக இருக்கணும். அதற்கான கருவிகளை வடிவமைக்கும் திட்டத்தை ஹல்தான் நடத்தினார். நடுவில் ஊருக்குப் போய்விட்டு மீண்டும் அமெரிக்கா வந்து, லீக்கின் 'க்யூஎஸ்டி' பத்திரிகையில் தொழில்நுட்பப் பக்கங்களைக் கவனித்தார்.

புத்தகம் சொன்னதும் காதில் விழுந்ததும்

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. அந்தக் காலத்தில் 5 மீட்டர் அலை, அதாவது 56 மெகாஹெர்ட்ஸ் பக்கம், விளையாட்டு சாமான் மாதிரிதான் பார்க்கப்பட்டது. காரணம் உண்டு. இந்த அலைகள் ஒளி மாதிரி நேர்கோட்டில் போகும், பூமியோ உருண்டை, ஆகவே அடிவானத்தைத் தாண்டினால் சிக்னல் கிடைக்காது என்பதுதான் பாடம்.

1934ல் ஹல், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் அருகே, ஒரு திசையை மட்டும் குறிவைக்கும் ஆண்டெனாவை நிறுத்தி பாஸ்டன் பக்கம் திருப்பினார். இடையில் சுமார் 160 கி.மீ., நடுவே மலை மேடுகள். பாடத்தின்படி எதுவும் கேட்கக் கூடாது. ஆனா கேட்டது.

எதிர்பாராமல் தூரத்து நிலையம் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று சந்தோஷப்பட்டுவிட்டு விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். ஹல் விடவில்லை. சில நாள் சிக்னல் கணீரென்று வருது, சில நாள் சுத்தமாக இல்லை. கருவி அதேதான், இடமும் அதேதான். அப்படியென்றால் மாறுவது எது? நாள் தவறாமல் சிக்னலின் பலத்தைப் பதிவு செய்து, வானிலை விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். விடை காற்றில் இருந்தது.

வழக்கமாக மேலே போகப் போக காற்று குளிரும். சில நாள் இது தலைகீழாகும்: கீழே குளிர்ந்த ஈரக்காற்று, அதற்கு மேலே வெதுவெதுப்பான உலர்ந்த காற்று. இதை இன்வெர்ஷன் என்பார்கள். போகி அன்று சென்னையில் புகை மேலே கலையாமல் தெருவிலேயே தேங்கி நிற்குமே, அதற்கும் இதுதான் முக்கியக் காரணம். இந்த அடுக்கைத் தொடும் ரேடியோ அலை நேராக விண்வெளிக்குப் போய்விடாமல் பூமியின் வளைவோடு சேர்ந்து வளைகிறது. 1935ல் ஹல் இதை க்யூஎஸ்டியில் கட்டுரையாக எழுதினார்.

80களில் தமிழகக் கடலோரத்தில் டிவி பார்த்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது. ஆண்டெனாவைத் தெற்கே திருப்பினால் இலங்கையின் ரூபவாஹினி தெரியும். சென்னை மாதிரி தூரத்து ஊர்களில் சில நாள் தெளிவாக வரும், மறுநாள் வெறும் புள்ளிதான். வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தச் 'சில நாள்' ரகசியத்தைத்தான் ஹல் அரை நூற்றாண்டுக்கு முன்பே துப்பறிந்திருந்தார்.

கிளைடர், டிவி, ஒரு விபத்து

சும்மா இருக்கத் தெரியாத மனிதர். 1937 வாக்கில் ரேடியோவால் இயக்கும் பெரிய மாடல் கிளைடர்களைப் பறக்கவிட்டார். இறக்கை மட்டும் சுமார் 13 அடி. இன்றைய ட்ரோன் பிரியர்கள் அவருக்கும் கொஞ்சம் கடன்பட்டவர்கள். அடுத்த ஆர்வம் தொலைக்காட்சி. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்திலிருந்து சோதனை ஒளிபரப்பு நடந்துகொண்டிருந்த காலம் அது. ஹல் வீட்டிலேயே ஒரு டிவி ரிசீவரைக் கட்டினார்.

பழைய டிவியின் படக்குழாய்க்குப் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் தேவை. 1938 செப்டம்பர் 13 அன்று, தான் கட்டிய அந்தக் கருவியின் உயர் மின்னழுத்தம் தாக்கி ஹல் உயிரிழந்தார். முப்பதுகளின் நடுவில்தான் இருந்தார். பாதுகாப்பாக, ஒழுங்காகக் கருவி கட்டுவது எப்படி என்று ஆயிரக்கணக்கான வாசகர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பத்திரிகையின் ஆளுக்கே இந்த முடிவு என்பது ஹாம்களை உலுக்கியது.

அவர் கண்டறிந்த விஷயம் எவ்வளவு தூரம் போகும் என்பது 1957ல் தெரிந்தது. கலிபோர்னியாவில் ஒரு ஹாமும் ஹவாயில் ஒரு ஹாமும் 144 மெகாஹெர்ட்ஸில் பேசினார்கள். இடையில் பசிபிக் கடல், சுமார் 4,000 கி.மீ. கடலின் மேல் படிந்த காற்று அடுக்குதான் குழாய் மாதிரி அலையைக் கொண்டுபோனது.

சரி, போட்டியில் ஜெயிப்பது எப்படி?

ராஸ் ஹல் போட்டியை நடத்துவது வயர்லெஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆஸ்திரேலியா. 50 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள ஹாம் அலைவரிசைகளில் ஆடலாம். இரண்டு பேரும் சிக்னல் எப்படிக் கேட்கிறது என்ற மதிப்பெண் உள்ளிட்ட தகவல்களைப் பரிமாறி, இரண்டு பக்கமும் சரியாக வாங்கிக்கொண்டால்தான் அந்தத் தொடர்பு கணக்கில் வரும். நடுவில் ரிப்பீட்டர் வைத்து எட்டிப் பிடிப்பது செல்லாது. தூரம் கூடக் கூடப் புள்ளியும் கூடும்.

அமெரிக்க விஎச்எஃப் போட்டிகளில் இன்னொரு சுவாரசியம் உண்டு, 'ரோவர்' பிரிவு. உலக வரைபடத்தை அகலாங்கில் 1 டிகிரி, நெட்டாங்கில் 2 டிகிரி கொண்ட கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். ரோவர் என்பவர் காரில் ஆண்டெனாக்களைக் கட்டிக்கொண்டு கட்டம் கட்டமாகப் போவார். குறைந்தது இரண்டு கட்டங்களிலிருந்தாவது பேசணும். ஒரே நபரோடு ஒரு கட்டத்திலிருந்து பேசியிருந்தாலும், எல்லையைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டால் மறுபடி பேசிப் புள்ளி வாங்கலாம். அதனால் எந்த மேட்டில் எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று முன்கூட்டியே திட்டம் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள்.

ராஸ் ஹல் போட்டியில் சமீப ஆண்டுகளின் ஒரு விதி, அவரே எழுதியது மாதிரி இருக்கிறது. மாதம் முழுக்க ஆடினாலும் எல்லா நாளும் எண்ணப்படாது. காற்று கைகொடுத்த சிறந்த 7 நாள், இல்லையென்றால் சிறந்த 2 நாள் என்று போட்டியாளரே பொறுக்கிக் கொடுக்கலாம். ஆனா அந்த நாள் எது என்று முன்கூட்டியே தெரியாதே. அதனால் தினமும் ரேடியோ முன்னால் உட்காரத்தான் வேண்டும்.