தகப்பன் சொத்தும் ஊர்ச் சொத்தும்



தகப்பன் தேடி வைத்த ஆஸ்தி பிள்ளைக்கு ஆசீர்வாதமாகவும் அமையலாம், கண்ணியாகவும் அமையலாம். எதுவாக அமையும் என்பது ஆஸ்தியின் அளவைப் பொறுத்ததல்ல, பிள்ளையின் மனதைப் பொறுத்தது. நம் வேதத்தைச் சேர்ந்த ஒரு பெரிய மனிதரின் சரித்திரம் இதற்கு நல்ல சாட்சி. ஈரோட்டுக்குப் போய் வருகிறவர்கள் பன்னீர்செல்வம் பூங்கா என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயருக்கு உரியவர் சர் ஏ. டி. பன்னீர்செல்வம்.

இவர் 1888ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, தஞ்சை ஜில்லாவில் நிலபுலன் மிகுந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். திருச்சி அர்ச். சூசையப்பர் கல்லூரியில் சேசுசபைக் குருக்களிடம் கல்வி கற்றார். பிறகு இங்கிலாந்து சென்று பாரிஸ்டராகித் திரும்பினார்.

முதல் மகாயுத்தம் முடிந்தபின், 1920இல் சென்னை மாகாணத்தில் புதிய சட்டப்படி தேர்தல் நடந்தது. ஆனால் வரி கட்டுகிற சொத்துக்காரருக்கே பெரும்பாலும் வாக்கு. நூற்றுக்கு நாலு பேருக்குக்கூட அது கிடையாது. ஆகவே பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசியலின் கதவு எளிதில் திறந்தது. பனகல் ராஜா, குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன், பொப்பிலி ராஜா ஆகியோர் வெவ்வேறு காலங்களில் மந்திரிசபைக்குத் தலைமை வகித்தனர். பன்னீர்செல்வமும் அந்தக் கதவு வழியே வந்தவர்தாம். உள்ளே வந்தவர் யாருக்காக உழைத்தார் என்பதே நாம் பார்க்க வேண்டியது.

1918 முதல் 1920 வரை தஞ்சை நகரசபைத் தலைவராகவும், 1924 முதல் 1930 வரை ஜில்லா போர்டுத் தலைவராகவும் இருந்தார். மராட்டிய மன்னர்கள் தருமத்துக்கு எழுதி வைத்த சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் அப்போது ஜில்லா போர்டின் கையில் இருந்தன. அந்த வருமானத்தில் நடந்த இலவச விடுதிகளில் ஒரு சாதிப் பிள்ளைகளுக்கே சோறும் இடமும் கிடைத்து வந்தன. பன்னீர்செல்வம் அவற்றை மற்றப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டார். வடமொழி மட்டுமே கற்பித்து வந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழும் இடம் பெற்றது. அது அரசர் கல்லூரி ஆயிற்று. ஏழைக் குடியானவன் மகனும் அங்கே படித்துத் தமிழ்ப் புலவராக வழி பிறந்தது.

1930இலும் 1931இலும் லண்டன் வட்டமேசை மாநாடுகளில் இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாக அமர்ந்தார். சென்னை அரசாங்கத்தில் உள்நாட்டு இலாகாவை நிர்வகித்தார். 1937 தேர்தலில் அவரது நீதிக்கட்சி படுதோல்வி அடைந்தது. பொப்பிலி ராஜாவே தோற்றார். பன்னீர்செல்வம் வென்று, எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தார். 1938இல் இராஜாஜி மந்திரிசபை 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாய பாடமாக்கியபோது, சட்டசபையிலும் வெளியிலும் அதை எதிர்த்தார். பதவி போனதும் பண்ணை வீட்டுக்குத் திரும்பி ஓய்ந்திருக்க அவருக்கு வசதி இருந்தது. அவர் அப்படிச் செய்யவில்லை.

1940 பெப்ரவரி 21இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. அதே சமயத்தில், லண்டனில் இந்தியா மந்திரிக்கு ஆலோசகராக நியமனம் பெற்று விமானத்தில் புறப்பட்டார். மார்ச் முதல் தேதி, ஹானிபல் என்னும் அந்த விமானம் ஓமான் வளைகுடாவின் மேலே பறக்கையில் காணாமற் போயிற்று. அதில் இருந்த எட்டுப் பேரில் ஒருவரும் மீளவில்லை. அப்போது அவருக்கு வயது 51.

தாலந்து உவமையை நீங்கள் அறிவீர்கள். பெற்றதை மண்ணில் புதைத்து வைத்தவன் எஜமானிடம் என்ன கேட்டுக்கொண்டான் என்பதும் தெரியும். பன்னீர்செல்வம் குடும்பப் பெயரையும் படிப்பையும் புதைத்து வைக்கவில்லை. தன் கைக்கு வந்த ஊர்ச் சொத்தைத் தன் சொத்தாக நினைக்கவும் இல்லை. அதற்குத் தான் காவல்காரனே என்று நடந்தார்.

நம் மலையிலும் காப்பித்தோட்டமும் வாழைத்தோட்டமும் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகின்றன. பாகம் பிரிக்கையில் ஒரு வரப்புக்காக அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன வீடுகளும் உண்டு. எவ்வளவு கிடைத்தது என்பதற்கல்ல, கிடைத்ததால் யார் பசி தீர்ந்தது என்பதற்கே சர்வேசுரன் கணக்குக் கேட்பார். பன்னீர்செல்வத்துக்கு மண்ணில் கல்லறை இல்லை. அவர் திறந்துவிட்ட விடுதிகளில் சாப்பிட்டுப் படித்தவர்களே அவருக்கு ஞாபகச் சின்னம். அவருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள்.