பசுவுக்காக ஊர் துறந்த திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர்

ஈழத்திருநாட்டின் வடபாலமைந்த யாழ்ப்பாணக் குடாநாடு சைவ உலகுக்கு அளித்த சான்றோர் பலர். அவருள் ஒருவர், நல்லூரை அடுத்த திருநெல்வேலியிலே சைவ வேளாளர் குலத்திற் பிறந்த ஞானப்பிரகாச முனிவர். பிற்காலத்தில் வாழ்ந்த நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் என்னும் கத்தோலிக்க அறிஞர் வேறு, இவர் வேறு. பெயர் ஒற்றுமையால் எம்மவரிற் சிலர் இருவரையும் ஒருவராக எண்ணி மயங்குவதுண்டு.

முனிவர் வாழ்ந்தது பறங்கியர் ஆட்சிக் காலம். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. குடாநாட்டின் ஏனைய ஆலயங்களும் ஒவ்வொன்றாகத் தரைமட்டமாயின. சைவ மக்கள் வெளிப்படையாக வழிபடவும் விரதம் அனுட்டிக்கவும் அஞ்சி, விரத நாளில் உண்ட வாழையிலையைக் கூரையிற் செருகி மறைத்தனர் என்பது எமது பாட்டன் பாட்டிமார் சொல்லி வந்த செய்தி.

அக்காலத்தில் அதிகாரிகளின் உணவுக்காகக் குடிமக்கள் வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பசுக் கொடுக்க வேண்டும் என்ற கட்டளை பிறந்தது என்பது பரம்பரையாக வரும் வரலாறு. முறை சுற்றிச் சுற்றி வந்து ஞானப்பிரகாசர் வீட்டு வாசலிலும் நின்றது. விடிந்தாற் பசுவைக் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். கொடுத்தால் தன் கையாற் புல்லும் தவிடும் வைத்து வளர்த்த உயிரைக் கொலைக்கு அனுப்பிய பாவம் சேரும். கொடாது மறுத்தால் ஆட்சியாளரின் தண்டனை வரும். பணங் கொடுத்து வேறொருவர் பசுவை வாங்கி அனுப்பினாலும் பாவம் ஒன்றே. அந்த இரவிலேயே அவர் வீடு, வளவு, உற்றார் அனைத்தையும் விட்டுப் புறப்பட்டுக் கடல் கடந்து தமிழகம் சேர்ந்தார். எதிர்த்து நிற்கப் படை இல்லாத ஒருவர், தம் கையினால் அப்பாவம் நடவாதிருக்க எதையெல்லாம் இழக்கலாமோ அதையெல்லாம் இழந்தார்.

முதலிற் சிதம்பரம் சென்று கூத்தப்பெருமானைத் தரிசித்த அவர், பின்னர் வடக்கே கௌட தேசம் வரை நடந்தார். அங்கே ஆசிரியர் ஒருவர் மாணவருக்கு வடமொழி சாத்திரங்களைக் கற்பிப்பதை நாள்தோறும் எட்டி நின்று கேட்டுவந்தார். ஒருநாள் ஆசிரியர் அழைத்து விசாரித்தபோது, அதுவரை கேட்ட பாடங்கள் அனைத்தையும் பிழையின்றி ஒப்புவித்தார். ஆசிரியர் வியந்து அவரையும் மாணவராக ஏற்றுக்கொண்டார் என்பர். வடமொழியிற் கரைகண்டு தெற்கே திரும்பிய பின், திருவண்ணாமலை ஆதீனத்திலே துறவு பூண்டு சிவாகமங்களைக் கற்றார்.

முனிவர் தமிழில் சிவஞானசித்தியார் சுபக்கத்துக்கு உரை செய்தார். வடமொழியில் பௌஷ்கராகம விருத்தி, சிவஞானபோத விருத்தி, சித்தாந்த சிகாமணி, பிரமாண தீபிகை, சிவயோகசாரம், சிவயோகரத்தினம் முதலிய நூல்களை இயற்றினார். அவரது சித்தியார் உரையின் கருத்தைத் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் ஏற்காமல், சிவசமவாதவுரை மறுப்பு என ஒரு நூலே எழுதினார். அத்தகைய பேரறிஞர் எழுந்து மறுக்கும் அளவுக்கு எமது ஊரவரின் உரை தமிழகத்தில் நிலைபெற்றிருந்தது. அவரது சிவயோகரத்தினம் 1975 இல் புதுச்சேரியிலே பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது.

சிதம்பரத்தில் அவர் எடுப்பித்த திருக்குளம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. குளமும் கேணியும் அமைப்பது எமது முன்னோர் போற்றிய தருமம். எமது கிராமங்களிலும் தெருவோரத்தில் கேணியும், மாடுகள் இறங்கி நீர் அருந்தச் சரிவும், அவை உடல் தினவைத் தீர்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும், பாரம் சுமப்போருக்குச் சுமைதாங்கியும் அருகருகே அமைத்தனர். மனிதருக்குச் செய்த தருமத்தையும் வாயில்லாச் சீவனுக்குச் செய்த தருமத்தையும் அவர்கள் வேறாகப் பார்க்கவில்லை.

முனிவர் மரபிலே வந்தவர் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் (1822 - 1879). ஆலயங்களில் ஆடு கோழி பலியிடுவதை அவர் வன்மையாகக் கண்டித்தார். கொலையும் புலாலுண்ணலும் பாவமெனத் தமது பாலபாடத்தில் எழுதிச் சிறுவர் மனத்திலும் பதித்தார். எனினும் வேள்வி எங்கள் நாட்டில் முற்றாக ஒழியவில்லை. அகில இலங்கை சைவ மகா சபை தொடுத்த வழக்கிலே, 2017 இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் ஆலயங்களில் மிருகபலிக்குத் தடை விதித்துத் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தது ஒரு சைவ அமைப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். எமது குறையை நாமே நீதிமன்றத்தின் முன் வைத்தோம்.

எமது ஆலயத்தில் வேள்வி இல்லை என்று நாம் பெருமை பேசலாம். ஆனால் அடியார்கள் நேர்த்திக்கடனாகக் கொண்டுவந்து விடும் பசுவையும் நாம்பன் கன்றையும் என்ன செய்தோம்? ஏலத்தில் விட்டோம். அதிக விலை கேட்டவருக்குக் கொடுத்தோம். பணத்தை எண்ணிப் பற்றுச்சீட்டு எழுதிய நானும், அக்கன்று எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. உழவுக்கு இயந்திரம் வந்துவிட்ட இக்காலத்தில், நாம்பன் கன்றை அவ்வளவு விலை கொடுத்து வளர்ப்பதற்காக வாங்குபவர் எத்தனை பேர் என்பது எமக்குத் தெரியாததன்று. முனிவர் எந்தப் பாவத்துக்கு அஞ்சி இரவோடிரவாக ஊரை விட்டாரோ, அதனை நாம் பகலிலே, ஆலய வீதியிலே, மூன்று தரம் கூவி முடித்தோம். எம்மை எவரும் கட்டாயப்படுத்தவுமில்லை.

ஆகவே அடியார் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். இனி ஆலயத்துக்கு விடப்படும் கால்நடைகளை ஏலத்தில் விடாது, வளர்க்க விரும்பும் வறிய குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுக்கலாம். கொலைக்கு விற்பதில்லை எனக் கையொப்பம் பெற்று, ஆலயப் பதிவேட்டில் எழுதி, ஆண்டுக்கொருமுறை சென்று பார்த்து வரலாம். எவரும் ஏற்காத நாம்பன் கன்றுகளுக்கு ஆலய வளவிலே ஒரு கொட்டில் போதும். அறுவடைக் காலத்தில் வீட்டுக்கு ஒரு கட்டு வைக்கோல் தந்தால் ஆண்டு முழுவதும் சமாளிக்கலாம். ஏல வருமானம் குறையும் என்பது உண்மை. அக்குறையை எவ்வாறு நிரப்புவது என்பதைப் பொதுக்கூட்டத்திலே எல்லோரும் கூடிப் பேசுவோம்.

ஒரு பசுவுக்காகத் தம் ஊரையே கொடுத்தார் முனிவர். ஏலப் பணத்தை விட்டுக்கொடுக்கும் மனத்தை எம்பெருமான் எமக்கு அருள்வாராக.

சுபம்.