விழுப்புரம் சின்னையா கணேசன்



திண்டிவனத்திலிருந்து ரயிலில் வந்து விழுப்புரத்தில் படித்தவன் நான். சின்ன ஊர்க்காரன் என்ற கூச்சம் அன்று எனக்கு இருந்தது; இன்று உங்களில் சிலருக்கும் இருக்கும். அவர்களுக்காக நம்ம ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லணும்.

வி.சி. கணேசன் என்ற பெயரில் உள்ள 'வி' விழுப்புரம்தான். 1928 அக்டோபர் 1-ல் பிறந்தார். பள்ளிப் படிப்பு தொடரவில்லை. சிறுவனாக இருக்கும்போதே நாடகக் கம்பெனியில் சேர்ந்துட்டார். முதல் வேடம் சீதை! வசனம், நடை, பாவனை எல்லாம் அங்கே கற்றவைதான். அறிஞர் அண்ணா எழுதிய நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக நடித்தார். அதைப் பார்த்த பெரியார், அவரைச் 'சிவாஜி' கணேசன் ஆக்கினார்.

'பராசக்தி' எடுக்கும்போது கதாநாயகனை மாத்திடலாம் என்று பேச்சு எழுந்தது. தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் முதலியார் அசையவே இல்லை. 1952 தீபாவளிக்குப் படம் வந்தது; பட்டிதொட்டியெல்லாம் அவர் பேசிய வசனம்தான். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காக 1960-ல் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் விருது. 1995-ல் பிரான்சு நாட்டின் செவாலியே விருது.

இத்தனை உயரத்திலும் மேடையை அவர் விடவில்லை. சிவாஜி நாடக மன்றம் நடத்தினார். கட்டபொம்மனே முதலில் நாடகம்தான். நன்றியையும் விடவில்லை. பொங்கல்தோறும் பெருமாள் முதலியார் வீட்டுக்குச் சீரோடு போய் வணங்கி வந்தார். 2001 ஜூலை 21-ல் மறைந்தார்.

தம்பி, தங்கைகளே, நேர்முகத் தேர்வில் எந்த ஊர் என்று கேட்டால் தயங்காதீங்க. விழுப்புரம் என்று நிமிர்ந்து சொல்லுங்க.